முன்பாரம், பின்பாரம்

ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று, இரவு தங்கும் இடத்தில் அதையே விரித்து வீடாக்கிக்கொள்ளும் வழக்கம் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வெகு சாதாரணமானது. கேம்பர் டிரெய்லர் என்பார்கள். தார்ச்சாலை முடிந்த பிறகும் போகக்கூடியதாக, உயர்ந்த அச்சும் தடித்த பட்டாக்களும் வைத்துக் கட்டப்பட்டவையும் உண்டு. நம் பக்கம் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. 2021இல் கேரள அரசு சுற்றுலாவுக்கென்று ஒரு கேரவன் கொள்கையை அறிவித்தது. அந்த வண்டிகளும் பெரியவை. கண்மாய்க் கரையில் ஏற மாட்டா. எனக்கு வேண்டியிருந்தது கண்மாய்க் கரையில் ஏறுகிற ஒன்று. அப்படித்தான் சென்ற ஆண்டு திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப் டிரெய்லர் வந்து நின்றது.

எதற்காக என்று கேட்காத நண்பர்கள் இல்லை. ஐம்பது வயதில், வங்கி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெண் துருப்பிடித்த இரும்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு பட்டறைகளுக்கு அலைவது விசித்திரமாகத்தான் தெரிந்திருக்கும். காரணம் அம்மாதான்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூட்டை மாற்றி வைத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது; மூன்றே மாதத்தில் கைத்தடியுடன் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் நடக்க முடிந்தவள் வெளியே போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என எதற்கும் வரமாட்டேன் என்றாள். சொந்தத் தங்கையின் பேத்தி திருமணத்துக்கு மொய்க்கவரை என்னிடம் கொடுத்தனுப்பினாள். உடல் தளர்ந்துவிட்டது, மனமும் ஒடுங்கிவிட்டது என்று சென்னையிலிருக்கும் அண்ணன் தொலைபேசியில் வருத்தப்பட்டான்.

உண்மை வேறு. அது ஒரு மருத்துவப் பரிசோதனைக்காகத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்த நாளில் எனக்குத் தெரியவந்தது. முந்தைய நாள் மாலையிலிருந்தே அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். காலையில் காபியும் வேண்டாம் என்றாள். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற ஒரே கவலை. மாற்று மூட்டு வைத்தவர் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. நெடுஞ்சாலை உணவகங்களின் கழிப்பறைகளில் பெரும்பாலும் தரையோடு பதித்த பீங்கான்தான். மேலைநாட்டு வகை இருந்தாலும் அதன் வாசலில் இரண்டு படி, உள்ளே வழுக்கும் ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அப்படிக் குடிக்காமல் போய்வந்த ஒவ்வொரு முறையும் நாலாம் நாள் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்தன. மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு எங்கே போவது என்பதை அவரால் எழுதித்தர முடியவில்லை.

இந்த அம்மாதான் 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நாற்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டவள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களுக்கு வேண்டும் என்று இயக்கம் முடிவுசெய்தது. பெண்கள் சைக்கிள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் குறுக்குத்தண்டு வைத்த சைக்கிளிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மா மாலை நேரத்து மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, இரவு வகுப்புகளுக்குப் பக்கத்துக் கிராமங்கள்வரை தானே மிதித்துப் போவாள். அப்படிப் போனவள், ஒரு கழிப்பறை இல்லாததால் மூன்று ஆண்டுகளாக வாசற்படி தாண்டவில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

விடுதியில் அறை எடுக்கலாமே என்றான் அண்ணன். எடுக்கலாம். ஆனால் அம்மா போக விரும்பும் இடங்களில் விடுதி இல்லை. அவள் பிறந்த ஊர் குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பிறந்த வீடு விற்றாயிற்று. சித்தப்பா மகன் வீடு இருக்கிறது. அதன் கழிப்பறை கொல்லைக் கடைசியில், தரையோடு இருக்கிறது. அவள் பார்க்க ஆசைப்பட்டதோ கண்மாய்க் கரைத் தோப்பையும், குடுமியான்மலைக் கோயிலையும், பங்குனித் திருவிழாவில் நார்த்தாமலையையும். இவற்றுக்கெல்லாம் ஒரு கட்டிலும் ஒரு கமோடும் கொஞ்சம் நிழலும் உடன் வர வேண்டும். அவ்வளவுதான் தேவை.

ஜீப் டிரெய்லரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஜீப்புக்கென்றே கால் டன் டிரெய்லர் ஒன்றை வைத்திருந்தது. அதன் இரு சக்கரங்களுக்கு இடையேயான அகலம் ஜீப்பின் அகலமேதான். ஜீப் போன தடத்திலேயே டிரெய்லரும் போகும். புதிதாக ஒரு தடம் வெட்ட வேண்டியதில்லை. நம் ஊர் வண்டிப்பாதையில் எல்லா மாட்டுவண்டிகளும் ஒரே சோடையில் போவது போலத்தான். போர் முடிந்து ஏலத்துக்கு வந்த அந்தப் பெட்டிகளில் கூடாரம் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவர்கள் பலர். 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கிய பிறகு, அதே சாயலில் டிரெய்லர்கள் இங்கும் ஓடின. உர மூட்டையும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய அவற்றை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

பழைய டிரெய்லர் வாங்குவதில் இரும்பைவிடக் காகிதம் முக்கியம். சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம்; அதற்குத் தனிப் பதிவும் தனி எண்ணும் உண்டு. முதலில் பார்த்த இரண்டுக்கும் பதிவுப் புத்தகமே இல்லை. ஒன்றில் சேஸிஸ் எண் பொறித்த தகடு சுரண்டப்பட்டிருந்தது. மூன்றாவது, ஓர் அரிசி ஆலையின் பின்புறம் கோழி அடைத்து வைத்திருந்த பெட்டி. புத்தகம் இருந்தது, எண்கள் பொருந்தின. 42,000 ரூபாய்க்கு முடிந்தது. சேஸிஸ் எண்ணைப் படிக்க வேண்டி அதன் கீழே படுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, ஆலைக்காரர் "மேடம் போலீசா?" என்று என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பட்டறையில் சக்கரங்களைக் கழற்றினார்கள். ஹப்பில் கிரீஸ் கட்டியாகிக் கறுத்திருந்தது. பேரிங் இரண்டு பக்கமும் புதிது. பட்டாக்களில் ஒன்று விரிந்திருந்தது. யு போல்ட்டுகள் நான்கும் மாற்றப்பட்டன. டயர் பழைய ஜீப் அளவு, 6.00-16, என் பொலேரோவின் சக்கரம் அதற்கு உதவாது என்பதால் டிரெய்லருக்கென்று தனியாக ஓர் உபரிச் சக்கரம். பின்விளக்கு, திரும்பும் விளக்கு, பிரதிபலிப்பான் எல்லாவற்றுக்கும் புதிய ஒயர். இவ்வளவுக்கும் 27,000 ஆயிற்று.

பட்டறைக்காரர் உற்சாகமானவர். மேலே கூண்டு பற்றவைத்து, பக்கத்தில் கதவு வைத்து, உள்ளே இரண்டு பேர் உட்கார இருக்கையும் போட்டுத் தருகிறேன் என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஓடும் டிரெய்லரில் ஆள் உட்காரவும் கூடாது. ஆகவே, "வேண்டாம் அண்ணே, பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும்" என்றேன். எதையும் பற்றவைக்கவில்லை. எல்லாமே ஏற்றி இறக்கும் சாமான்கள். அம்மா பயணம் முழுக்க பொலேரோவின் முன்னிருக்கையில் இருப்பாள்.

சாமான்கள் இவை. மடிக்கும் இரும்புக் கட்டில் ஒன்று, 50 சென்டிமீட்டர் உயரம். மாற்று மூட்டுக்காரர்களுக்குத் தாழ்வான படுக்கை ஆகாது. முழங்காலுக்கு மேல் இடுப்பு இருந்தால்தான் எழ முடியும். டிரெய்லரின் தளமோ அவள் ஏற முடியாத உயரம். எனவே கட்டிலை வெளியே இறக்கி, டிரெய்லரின் பக்கவாட்டிலிருந்து கித்தானை இழுத்துக் கட்டி, அதன் அடியில் அவள், டிரெய்லருக்குள் நான். கமோடு நாற்காலி ஒன்று, கைப்பிடியும் மூடியிட்ட வாளியும் வைத்தது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கித்தான் மறைப்பு. ஒரு சாக்கு மரத்தூள். வாளியில் போட்டு மூடினால் நாற்றம் இல்லை. எல்லாம் வீட்டுக்கே திரும்பி வரும், எந்தத் தோப்பிலும் எதையும் கொட்டுவதில்லை. 100 ஆம்பியர் பாட்டரி, 100 வாட் சூரியத் தகடு, 12 வோல்ட் மின்விசிறி, இரண்டு சிறு விளக்குகள். விசிறிக்கு 15 வாட், விளக்குகளுக்கு 10 வாட். இரவு முழுக்க ஓடினாலும் 300 வாட் மணியைத் தாண்டாது, பாட்டரியில் கால் பங்கு. மறுநாள் வெயில் அதை நிரப்பிவிடும். வெயிலுக்குப் புதுக்கோட்டையில் என்றும் பஞ்சமில்லை.

கித்தான் மட்டும் ஒரு வாரம் வேலை வாங்கியது. பருத்திக் கித்தானைத் தைத்ததும் நேரே மழையில் விரித்தால் ஊசித் துளைகள் வழியே ஒழுகும். முதலில் நன்றாக நனைத்து, முழுக்க உலரவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். நூல் ஊறிப் பருத்துத் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடியில் மூன்று முறை நனைத்தேன். முதல் முறை சொட்டியது, மூன்றாம் முறை நின்றது. கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "புதுக் கூரையும் முதல் மழைக்கு ஒழுகத்தான் ஒழுகும்" என்றாள். இந்த விஷயத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதுவரை, "சனம் சிரிக்கும் ஆத்தா" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

அதற்குப் பிறகு சாமான் ஏற்றும் நாள் வந்தது. ஒற்றை அச்சு டிரெய்லரில் எடையை எங்கே வைப்பது என்பது உயிர்ப் பிரச்சினை. அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால் கொக்கி மேலே தூக்கும். வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். முன்னால் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதை நான் பட்டறைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா திண்ணையிலிருந்து கைத்தடியை நீட்டினாள்.

"தண்ணிக் கேனை அச்சு மேல வையி. பாட்டரியை முன்னாடி தள்ளு. சக்கரத்தைப் பின்னாடி கட்டுனா பின்பாரமாயிரும். மாட்டுக்குக் கழுத்து இறுகும்."

மாட்டுவண்டிக்காரர்களின் சொற்கள் இவை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். வைக்கோல் பாரமானாலும் நெல் மூட்டையானாலும் ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னேயோ பின்னேயோ நகர்த்திய பிறகுதான் அவள் அப்பா மாட்டைப் பூட்டுவாராம். அவள் சொன்ன இடங்களிலேயே எல்லாவற்றையும் வைத்தோம். கொக்கிக்கு அடியில் கட்டை கொடுத்துக் குளியலறை எடைக்கருவியில் நிறுத்தினேன். டிரெய்லர் 260 கிலோ, சாமான் 206 கிலோ, மொத்தம் 466. கொக்கியில் 48 கிலோ காட்டியது. பட்டறைப் பையன் அம்மாவைப் பார்த்து, "ஆயா, நீங்க எந்தப் பட்டறையில இருந்தீங்க?" என்றான்.

அன்று மாலை அவள் நிறையப் பேசினாள். நார்த்தாமலைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டியில் போனது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, குழந்தைகள் படுத்துக்கொண்டே போனது. அச்சுக்கடியில் கட்டித் தொங்கும் அரிக்கேன் விளக்கின் நிழலில் மாட்டின் கால்கள் ராட்சதமாகத் தெரிந்தது. "அப்ப பொம்பளைங்க எங்கம்மா ஒதுங்குவீங்க?" என்று கேட்டேன். "இருட்டுதான் சுவரு" என்றாள். விடியும் முன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, நாலைந்து பேர் சேர்ந்து. நடுவில் பகல் முழுக்க அடக்கிக்கொள்வது. தஞ்சை மராத்திய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். தங்க இடமும் சோறும் கொடுத்தார்கள். அந்த வழியில் நடந்த பெண்களும் இருட்டைத்தான் சுவராகக் கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. தண்ணீர் குடிக்காமல் பயணம் போவது அம்மா முதுமையில் புதிதாகப் பழகியதன்று. அது பிறவியிலேயே கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். இளமையில் உடல் தாங்கியது, இப்போது தாங்கவில்லை.

முதல் பயணம் தை மாதம், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது என்பதால் அதற்கு மேல் போவதில்லை. கண்மாய்க் கரையில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். பின்சக்கரத் தடத்திலேயே டிரெய்லர் அடக்கமாக வந்தது. தோப்பில் நிறுத்தி, கித்தானை விரித்து, கட்டிலைப் போட நாற்பது நிமிடம் ஆனது. அம்மா மத்தியானம் முழுக்க அந்த மறைப்புப் பக்கம் திரும்பவேயில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கட்டில், விசிறி, நிழல் எல்லாம் பிடித்துப்போயிற்று. அது மட்டும் ஆகவில்லை. நாலு மணிக்கு மேல் முகம் வெளிறத் தொடங்கியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரேடியோவைச் சத்தமா வையி" என்றாள். திருச்சி வானொலியில் யாரோ வேளாண்மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சிக்கல் கித்தான் பார்வையை மறைக்கிறதா என்பதில் இல்லை. ஓசையை மறைக்காது என்பதில் இருந்திருக்கிறது. பூச்சி மருந்து பற்றிய அந்த உரை முடியும்வரை நான் கண்மாயைப் பார்த்து நின்றேன். திரும்பி வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

இருட்டுவதற்குள் ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். "வீடு இருக்கயில இங்க எதுக்கு மதினி கெடக்கணும்?" என்று சித்தப்பா மகன் மனைவிக்குக் கோபம். அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இட்லி கொண்டுவந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, காரணத்தைப் பச்சையாகவே சொன்னாள். கோபம் அப்படியே அடங்கியது. வந்தவர்களில் அம்மாவோடு பள்ளிக்கூடம் போன ஒருத்தி இருந்தாள். இரண்டு முழங்காலும் வளைந்து போனவள். கித்தானை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னை வெளியே போகச் சொன்னாள். திரும்பி வந்து அம்மாவிடம், தான் குடுமியான்மலைக் கோயிலுக்கே போய் இரண்டு வருடமாயிற்று என்றாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயில்.

மறுநாள் காலை இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மலையடிவாரத்துக் கோயில் என்பதால் நடக்க வசதி. அங்கே பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டிவைத்த அபூர்வமான கல்வெட்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் தூணில் சாய்ந்து, 1960களில் செத்துப்போன யாரோ ஒரு வாத்தியாரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர் வெளியே நிழலில் நின்றது. அவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவசரம் இல்லாத ஒரு பகலை அம்மாவின் முகத்தில் நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கணக்குக் கேட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: டிரெய்லர், பட்டறைச் செலவு, கித்தான், கட்டில், கமோடு, மின்சாரச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 1,07,500 ரூபாய். அண்ணனுக்கு இது இன்னும் அதிகமாகத்தான் தெரிகிறது. எனக்கோ இந்தத் தொகையில் பாதி, சாலையோரங்களில் இரண்டு கைப்பிடியும் படியில்லாத வாசலும் ஒரு தாழ்ப்பாளும் வைத்துக் கட்டாதவர்களின் கணக்கில் எழுத வேண்டியது. வயதானவர்கள் வீட்டோடு இருக்க விரும்புகிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் கழிப்பறைக் கணக்கு என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். நேராகக் கேட்டால் பதில் வராது. முந்தைய இரவு தண்ணீர் குடித்தார்களா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை ஐந்து முறை போய்வந்துவிட்டோம். பங்குனியில் நார்த்தாமலைக்குப் போனபோது கூட்டம் காரணமாக ஊருக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு அதில் குறையில்லை, அவள் அப்பாவும் வண்டியை அங்கேதான் அவிழ்ப்பாராம். மறைப்புக் கித்தானைச் சுற்றி உள்ளே இன்னொரு அடுக்குத் துணி தைக்கச் சொல்லியிருக்கிறாள், ஓசைக்காக. அடுத்த முறை அவள் தோழிக்கும் ஒரு கட்டில் வேண்டுமாம். அது எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டாள்: அச்சுக்கு நேர் மேலே, தண்ணீர்க் கேனை ஒரு சாண் முன்னே தள்ளி.